பெயருக்காக ஓர் எறும்பு

ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில், ஒரு வானாய்வகம் இருக்கிறது. வைனு பாப்பு தேடித் தேர்ந்தெடுத்த இடம். 1986இல் அங்கே நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே, 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அன்றைய கவனிப்புகளில்தான் தெரியவந்தது. 1988இல் ராஜமோகன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். வரிசை எண் 4130. பெயர் ராமானுஜன்.

அந்தப் பாறைக்குத் தனக்கு ஒரு பெயர் கிடைத்த சங்கதி தெரியாது. அதன் மேல் யாரும் கை வைக்கவில்லை. எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்த அதன் மேல் பட்டுத் திரும்பிய வெயிலில் துளியூண்டு இந்த மலையில் ஒரு கண்ணாடியில் வந்து விழுந்தது, அவ்வளவுதான். பல இரவுகள் பார்த்து, பாதையைக் கணக்குப் போட்டு, இது ஏற்கெனவே தெரிந்த எதுவுமில்லை என்று உறுதியான பிறகு எண் கொடுத்துப் பெயர் வைத்தார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒன்றை அடையாளம் காண அதன் வெளிச்சமே போதுமாக இருந்தது.

அதே மலையில் உங்கள் செருப்புக்குப் பக்கத்தில் ஓடுகிற எறும்பு என்ன எறும்பு என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், பெரும்பாலும் அதைச் சாகடிக்க வேண்டியிருக்கும்.

ஒரு பெயரைத் தெரிந்துகொள்வதற்காக ஓர் உயிரைக் கொல்லலாமா? கேள்வியை இப்படி நேராகப் போட்டால் கொஞ்சம் நாடகத்தனமாகத்தான் இருக்கிறது. எறும்புதானே! ஆனால் இந்த 'தானே' என்ற சொல்லை நாம் எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று யோசித்தால், அதை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது என்று படுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் வழியில், ஒரு பாறையின் மேல் நண்பன் ஓர் எறும்பைப் படம் பிடித்தான். கருப்பு, பெரிய தலை, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. செயலி சில நொடிகளில் பதில் சொன்னது: கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். நம்ம ஊர் கட்டெறும்பு. அவனுக்குத் திருப்தி. எனக்குச் சந்தேகம். செயலி செய்வது ஒரு படத்தை மற்ற படங்களோடு ஒப்பிடுவது. இதே மாதிரி இருந்த முந்தைய படங்களுக்கு மனிதர்கள் என்ன பெயர் கொடுத்தார்களோ அதை அது திருப்பிச் சொல்கிறது. கேம்போனோட்டஸ் என்ற பேரினம் வரைக்கும் அதை நம்பலாம். அதற்கு மேல்? உலகம் முழுக்க அந்தப் பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. எறும்புகளிலேயே பெரிய பேரினங்களில் ஒன்று அது.

எறும்புகளை அடையாளம் காண்கிறவர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள். முதலில் இடுப்பு. எறும்பின் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கணு இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா? ஒன்றென்றால் ஒரு வழி, இரண்டென்றால் வேறு வழி. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி எறும்புகள் கழிந்துவிடும். அடுத்து, வயிற்றின் முனையில் கொடுக்கு இருக்கிறதா, அல்லது ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும் சின்ன மயிர்சூழ்ந்த துளை இருக்கிறதா? உணர்கொம்பில் எத்தனை கணுக்கள்? கொம்பு முகத்தில் எந்த இடத்தில் பொருந்தியிருக்கிறது? பக்கவாட்டில் பார்த்தால் முதுகு ஒரே வளைவாக ஓடுகிறதா, நடுவில் பள்ளம் விழுகிறதா? கன்னத்தில் மயிர் உண்டா? நிமிர்ந்த மயிரா, படிந்த மயிரா? கடைசிக் கேள்விகளுக்கெல்லாம் நுண்ணோக்கி வேண்டும். நுண்ணோக்கிக்கு அசையாத எறும்பு வேண்டும். அசையாத எறும்பு என்றால் ஆல்கஹாலில் போட்ட எறும்பு. அதை எடுத்து உலர்த்தி, முக்கோணமாக வெட்டிய சின்ன அட்டையின் முனையில் ஒரு பொட்டு பசை வைத்து ஒட்டி, அட்டையை ஊசியில் குத்தி, நுண்ணோக்கியின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டெறும்புக் கூட்டத்தில் எல்லா வேலைக்காரிகளும் ஒரே அளவில் இருக்க மாட்டார்கள். பெரிய தலையோடு ஒருத்தி, அவளில் பாதி அளவில் இன்னொருத்தி, இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். தெரியாதவர்கள் இரண்டு வகை எறும்பு என்று எழுதிவிடுவார்கள். அதனால் ஒன்றை மட்டும் எடுத்தால் போதாது, சிறிதும் பெரிதுமாகச் சிலவற்றை எடுக்க வேண்டும் என்பார்கள். கணக்கு ஒன்றிலிருந்து ஏழெட்டுக்குப் போய்விடுகிறது.

எல்லா எறும்புக்கும் இந்தப் பாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாமரத்தில் இலைகளைப் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும் முசுறு, ஓகோஃபில்லா ஸ்மரக்டினா. ஆசியாவில் அந்தப் பேரினத்தில் இப்போது வாழ்வது அது ஒன்றுதான். பார்த்தவுடன் சொல்லிவிடலாம், யாரையும் கொல்ல வேண்டாம். (வேடிக்கை, ஸ்மரக்டினா என்றால் மரகதப் பச்சை. நம்ம முசுறு செங்கல் நிறம். பச்சை வயிறு இருப்பது ஆஸ்திரேலியாவில் வாழும் அதன் சொந்தங்களுக்கு.) முசுறு மாதிரியே வேஷம் போட்டுத் திரியும் ஒரு சிலந்தியும் உண்டு. எட்டுக் கால் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் அதன் குட்டு உடைந்துவிடும்.

அன்று பாறைக்குப் பக்கத்தில் சாமை விதைத்திருந்த கொல்லையிலிருந்து ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் குனிந்துகொண்டு என்ன தேடுகிறோம் என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கிட்டே வந்தார்.

"இன்னா தம்பி, எதனா வுழுந்துச்சா?"

"இல்லீங்க ஐயா, எறும்பு பாக்கறோம். இது என்ன எறும்புங்க?"

"கட்டெறும்பு."

"எல்லா கட்டெறும்பும் ஒண்ணுதானுங்களா?"

"கடிச்சா ஒண்ணுதான்" என்றார். சிரிக்கவே இல்லை. பிறகு கொஞ்சம் தள்ளி ஓடிக்கொண்டிருந்த சின்னக் கருப்பு எறும்புகளைக் காட்டி, "இது சாமி எறும்பு. ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பதிலை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம். ஆனால் அதில் ஒரு முழு வகைப்பாட்டு முறையே இருக்கிறது. தமிழில் எறும்புகளுக்கு இருக்கும் பெயர்களை எடுத்துப் பாருங்கள்: கட்டெறும்பு, சித்தெறும்பு, சுள்ளெறும்பு, பிள்ளையார் எறும்பு, சாமி எறும்பு. அளவு, நிறம், அப்புறம் கடிக்குமா கடிக்காதா. 'இது எனக்கு என்ன செய்யும்?' என்ற கேள்விக்கான பதில்களே இந்தப் பெயர்கள். கடிக்காத சின்னக் கருப்பெறும்பு எதுவானாலும் பிள்ளையார் எறும்புதான். அந்தப் பெயருக்குள் விஞ்ஞானிகளின் கணக்கில் பல இனங்கள் அடங்கலாம். திசை கெட்டதுபோல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் பாரட்ரெசினா லாங்கிகார்னிஸ் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். உலகத்தின் வெப்பமான நகரங்களிலெல்லாம் கப்பலேறிப் போய்க் குடியேறிய எறும்பு அது. பிள்ளையார் எறும்பை மிதிக்காதே என்று பாட்டி சொல்வாள். அதே பாட்டி சித்தெறும்பு வரிசையில் மஞ்சளையோ மண்ணெண்ணெயையோ ஊற்றுவாள். பெயரிலேயே தீர்ப்பு இருக்கிறது.

இதற்காக மக்கள் கவனித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. சிறுகுடிப் பண்ணனைப் புகழ்ந்து சோழன் கிள்ளிவளவன் பாடிய புறநானூற்றுப் பாட்டில், சோற்றைக் கையில் ஏந்திப் போகும் சிறுவர்களின் வரிசைக்கு உவமை, மழைக்கு முன் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் எறும்பு. எறும்பு தூக்கிப்போவதில் பெரும்பாலானவை முட்டையே அல்ல, புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான் என்று இன்று நமக்குத் தெரியும். முட்டை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சின்னது. இருந்தாலும் அந்த உவமையில் ஓர் எறும்பு வரிசையை நின்று பார்த்த கண் இருக்கிறது.

லத்தீன் பெயர் வேறொரு கேள்விக்குப் பதில். கம்ப்ரெஸ்ஸஸ் என்ற பெயரை 1787இல் வைத்தவர் ஃபேப்ரீசியஸ், டென்மார்க்காரர், லின்னேயஸின் மாணவர். அப்போது தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கே 1768இல் வந்திறங்கிய கோனிக்கும் லின்னேயஸிடம் படித்தவர்தான். நம் கரையிலிருந்து பூச்சிகள் டப்பாக்களில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போன காலம் அது. அந்த மேசைகளில் கேட்கப்பட்ட கேள்வி, இது வேறு எதைப் போல் இருக்கிறது, எதிலிருந்து வேறுபடுகிறது என்பது. டார்வினுக்குப் பிறகு அதே கேள்வி, இது யாருக்குச் சொந்தம், யார் வழி வந்தது என்று மாறியது. இந்தக் கேள்வியில் 'நான்' இல்லை. என்னைக் கடித்தாலும் கடிக்காவிட்டாலும், நான் இந்த மலைக்கு வராமலே போயிருந்தாலும், இந்த எறும்பு இன்னார்தான். அந்த வகையில் இனப்பெயர் தேடுவது ஒரு மரியாதை என்று நான் நினைக்கிறேன். எதிரில் இருப்பதை அதன் பாட்டுக்கு அதுவாக இருக்க விட்டு, நீ யார் என்று கேட்பது.

ஆனால் கேட்டுவிட்டு ஆல்கஹாலில் போடுகிறோம்.

இங்கேதான் தமிழில் இருக்கும் மூன்றாவது ஒரு வகைப்பாடு ஞாபகத்துக்கு வருகிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறது. அதில் கரையானும் எறும்பும் மூன்று அறிவு உள்ளவை: தொடுதல், சுவை, மணம். சமணர்களின் பகுப்பிலும் எறும்புக்கு அதே மூன்று புலன்கள். இது இனத்தைப் பற்றிய கேள்வியும் இல்லை, கடியைப் பற்றிய கேள்வியும் இல்லை. இதற்கு எதெல்லாம் உறைக்கும் என்ற கேள்வி. சமணத்தில் இது வெறும் பட்டியலாக நின்றுவிடவில்லை. எத்தனை புலன் உள்ள உயிரை வதைக்கிறோம் என்பதை வைத்துத்தான் வினையின் எடை. ஜவ்வாது மலையின் கிழக்கே, போளூர் பக்கம் திருமலையில் தமிழ்ச் சமணர்களின் பழைய கோயில் இருக்கிறது. பாறையில் செதுக்கிய நேமிநாதர், 16 மீட்டர் உயரம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் இன்றும் உண்டு. இருட்டில் தட்டில் விழும் பூச்சியைப் பார்க்க முடியாது என்பது அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று.

எறும்புக்குக் கண் உண்டு என்பது உண்மை. தென்னிந்தியக் காடுகளில் வாழும் குதிக்கும் எறும்பு, ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர், பெரிய கண்களால் இரையைப் பார்த்துக் குறிவைத்துத் தாவும். ஆனாலும் எறும்பின் உலகம் முதன்மையாக மணத்தால் ஆனது என்ற விஷயத்தில் பழைய பட்டியல் ஆச்சரியமான அளவுக்குச் சரி. வழி, தோழி, எதிரி, சாவு, எல்லாம் அவற்றுக்கு வாசனைதான்.

"பேரு தெரிஞ்சு என்னடா பண்ணப் போற?" என்று நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. இந்த விவாதத்தில் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. பதில் சொல்ல கரந்தமலைக்குப் போக வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் இருக்கிறது கரந்தமலை. 2022 ஆகஸ்டில் அதன் அடிவாரக் கிராமங்களிலிருந்து செய்திகள் வந்தன. எறும்புகள் கூட்டம் கூட்டமாக ஆடுமாடுகள் மேல் ஏறுகின்றன, கண்ணைக் குறிவைக்கின்றன, உடம்பில் பட்டால் எரிச்சல், காட்டுக்குள் மேய்ச்சலுக்குப் போக முடியவில்லை. மலையில் தங்கியிருந்த சிலர் இறங்கி வந்துவிட்டார்கள். மக்களுக்கு அந்த எறும்பு என்ன செய்யும் என்பது நன்றாகத் தெரியும். அந்தப் பழைய கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது. போதாமல் இருந்தது மற்ற கேள்விக்கான பதில்: இது யார்?

அடையாளம் கண்டார்கள். அனோப்ளோலெபிஸ் கிராசிலிபெஸ். மஞ்சள் பைத்திய எறும்பு என்பார்கள். நீண்ட கால், நீண்ட கொம்பு, தொந்தரவு செய்தால் தாறுமாறாக ஓடும். கடிக்காது, கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். இந்தப் பெயர் கிடைத்தவுடன் கூடவே ஒரு பெரிய கதையும் வந்து சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றிருக்கிறது. அங்கே அதற்குச் சோறு போட்டது மரத்தில் சாறு உறிஞ்சும் ஒரு செதில்பூச்சி. அது கழிக்கும் இனிப்பு நீரைக் குடித்துத்தான் எறும்புக் கூட்டங்கள் பெருகின. அதனால் 2016இல் எறும்பைத் தொடாமல், அந்தச் செதில்பூச்சியின் மேல் முட்டையிடும் ஒரு மிகச் சிறிய குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இதில் எறும்பு, செதில்பூச்சி, குளவி, மூன்றின் பெயரும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெயர் தப்பினால் தீவில் நாலாவதாக ஒரு தொல்லையை நாமே கொண்டுபோய் இறக்கியிருப்போம். 'கடிச்சா ஒண்ணுதான்' என்பது சாமைக் கொல்லையில் போதும். கரந்தமலையில் போதாது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று. செய்திகளைப் படித்தவர்களுக்கு இந்த எறும்பு நேற்றுதான் எங்கிருந்தோ வந்திறங்கியது போலத் தோன்றியிருக்கும். ஆனால் 1851இல், மெட்ராஸிலிருந்து வெளிவந்த ஓர் அறிவியல் இதழில், தென்னிந்திய எறும்புகளைப் பற்றி ஜெர்டன் என்ற கம்பெனி மருத்துவர் எழுதிய பட்டியலில் இது இருக்கிறது. பறவைகளைப் பற்றி எழுதியதற்காக நினைக்கப்படும் அதே ஜெர்டன். அவர் வைத்த பெயர் ஃபார்மிகா லாங்கிபெஸ், நீளக்காலி. அந்தப் பெயர் அதற்கு முன்பே வேறோர் எறும்புக்கு வைக்கப்பட்டிருந்ததால் விதிப்படி செல்லாமல் போனது. 1857இல் ஸ்மித் வைத்த கிராசிலிபெஸ், ஒல்லிக்காலி, நிலைத்தது. அதன் பூர்வீகம் ஆசியாவா ஆப்பிரிக்காவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எப்படியிருந்தாலும் 170 வருஷங்களுக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது. அப்படியென்றால் கேள்வி, எங்கிருந்து வந்தது என்பதைவிட, இவ்வளவு காலம் சும்மா இருந்தது இப்போது ஏன் பெருகியது என்று மாறுகிறது. அந்நியன் என்று சொல்லி முடித்துவிடத்தான் நமக்கு ஆசை. பெயரைச் சரியாகப் பிடித்துக்கொண்டு போனால் அது அப்படி முடிக்க விடுவதில்லை.

சரி, அப்போ கொல்லலாமா?

பொதுவாகச் சொல்லப்படும் சமாதானங்கள் சில உண்டு. உலகத்தில் எறும்புகளின் எண்ணிக்கையை 2022இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 200 கோடி கோடி. இதில் ஏழெட்டு போனால் என்ன? எனக்கு இந்த வாதமே பிடிக்கவில்லை. மனிதர்கள் 800 கோடிக்கும் மேல் இருக்கிறோம் என்பதை யாரும் நம் ஒருவருடைய சாவுக்குச் சமாதானமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

இன்னொன்று கொஞ்சம் வலுவானது. வெளியே இரை தேடித் திரியும் எறும்புகள் பெரும்பாலும் கூட்டத்தின் வயதான வேலைக்காரிகள். இளசுகள் கூட்டுக்குள் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும். சாவு அதிகமுள்ள வெளிவேலை கிழவிகளுக்கு. முட்டையிடாத, சீக்கிரம் சாகப்போகிற ஒருத்தியை எடுப்பதால் கூட்டத்துக்கு நஷ்டமில்லை. எறும்புக் கூட்டம் முழுவதையும் ஓர் உயிரியாகப் பார்க்கலாம் என்று வீலர் 1911இல் எழுதினார். அந்தப் பார்வையில் ஒரு வேலைக்காரி நகத்துண்டு மாதிரி. உயிரியல் கணக்குப்படி இது சரி என்றே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா எறும்பிலும் அப்படி இல்லை. மேலே சொன்ன குதிக்கும் எறும்பில் ராணி செத்துப்போனால் வேலைக்காரிகள் கொம்பால் மோதிப் போட்டி போடுவார்கள். ஜெயித்தவர்கள் முட்டையிடத் தொடங்குவார்கள். சில மாதங்கள் வாழ வேண்டியவள் சில வருஷங்கள் வாழ்வாள். நகத்துண்டு இப்படியெல்லாம் செய்யாது.

வலி? 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் விலங்குகளின் தன்னுணர்வு பற்றி அறிவியலாளர்களும் தத்துவக்காரர்களும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பூச்சிகளுக்கும் உணர்வனுபவம் இருக்க நிஜமான சாத்தியம் உண்டு, அந்தச் சாத்தியத்தைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்வது பொறுப்பில்லாத செயல் என்ற அளவுக்கு அது போகிறது. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வு: ஃபுளோரிடாவில் வாழும் ஒரு கேம்போனோட்டஸ், அதாவது நம் கட்டெறும்பின் பங்காளி, தொடையில் காயம்பட்ட தோழியின் காலைக் கடித்துத் துண்டித்து நோய்த்தொற்றிலிருந்து காப்பாற்றுகிறது. காயம் கீழே இருந்தால் துண்டிப்பதில்லை, நக்கிச் சுத்தம் செய்கிறது. இதனால் எறும்புக்கு வலிக்கும் என்று நிரூபணமாகிவிடாது. ஆனால் 'தானே' என்று சொல்வது கொஞ்சம் கஷ்டமாகிவிடுகிறது.

நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இது. எறும்பைக் கொல்வது சரியா என்பதை எறும்பை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, லேபிளை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஊசியில் குத்திய எறும்புக்குக் கீழே ஒரு சின்னத் தாள் இருக்கும். எந்த இடம், எந்த உயரம், எந்தத் தேதி, யார் எடுத்தது, மண்ணிலா மரத்திலா, கூட்டிலா வழியிலா. அந்தத் தாள் இருந்தால், ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் வந்து, முதலில் பெயர் வைத்தவர் தவறு, இது வேறு என்று சொல்ல முடியும். அது இல்லாவிட்டால் ஊசியில் இருப்பது வெறும் பிணம். ஜெர்டன் விவரித்த எறும்புகளில் பெரும்பாலானவற்றின் மூல மாதிரிகள் இன்று இருப்பதாகத் தெரியவில்லை. அவருடைய சொற்கள்தான் மிச்சம். அவர் எந்த எறும்பைக் கையில் வைத்துக்கொண்டு அதை எழுதினார் என்பதைப் பின்னால் வந்தவர்கள் அந்தச் சில வரிகளிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது. கொன்றதும் உண்டு, அது பயன்படாமல் போனதும் உண்டு. இரண்டு மடங்கு நஷ்டம்.

இந்தியாவின் எறும்புகளுக்கு 2016இல் ஹிமேந்தர் பார்தியும் மற்றவர்களும் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். 100 பேரினங்கள், 828 பெயர்கள். அதில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் எங்கோ ஒரு பெட்டியில் சில எறும்புகள் லேபிளோடு இருக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. கரந்தமலையில் விடை கிடைத்தது அப்படிப்பட்ட பெட்டிகளால்தான். அதற்காகச் செத்த எறும்புகளை நினைத்து எனக்கு உறுத்தல் இல்லை. ஆனால் என் கைப்பேசியில் 'பார்த்தவை' பட்டியலில் ஒரு வரி கூடுவதற்காக? மலையில் எடுத்த படத்தை யாரிடமோ காட்டி, இது வெறும் கட்டெறும்பு இல்லைங்க என்று பீற்றிக்கொள்வதற்காக? அங்கே பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் யோக்கியம். கேம்போனோட்டஸ், சிற்றினம் தெரியவில்லை. எறும்பு நிபுணர்களின் சொந்தப் பட்டியல்களிலேயே இப்படி எழுதிய வரிகள் ஏராளம். அதைத் தோல்வியாக யாரும் நினைப்பதில்லை.

ஒரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் மாதிரி சேகரிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். சரியான விதிதான். ஆனால் அதே காட்டில் வாரக் கடைசியில் அருவிக்குப் போகும் வழியில் நம் செருப்புகளும் டயர்களும் நசுக்கும் எறும்புகளுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை, நாமும் கேட்டுக்கொள்வதில்லை. தெரிந்து கொன்ற ஏழு உறுத்துகிறது, தெரியாமல் கொன்ற எழுபது உறுத்தவில்லை. திருமலைக்காரர்கள் இதில் நம்மைவிடத் தெளிவு. அவர்களுக்குத் தெரியாமல் மிதிப்பதும் ஒரு விஷயம். அதனால்தான் கீழே பார்த்து நடக்கச் சொல்கிறார்கள்.

கொல்லாமல் தெரிந்துகொள்ள வழியே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. எறும்புகள் தங்கள் பிணங்களைக் கூட்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை. செத்த எறும்பின் உடலில் ஊறும் ஒலெயிக் அமிலத்தின் வாசனை பட்டால் தூக்கிக்கொண்டுபோய் வெளியே குப்பைமேட்டில் போட்டுவிடும். உயிரோடு இருக்கும் எறும்பின் மேல் அந்த அமிலத்தைத் தடவினாலும் அதையும் தூக்கிக்கொண்டு போய்ப் போடும் என்று 1950களில் வில்சன் காட்டினார். கால் உதறினாலும் விடாது. பொந்துக்குப் பக்கத்தில் விதைத்தோல், பூச்சி இறக்கை, மண் எல்லாம் கலந்த சின்னக் குவியல் இருக்கும். அதைக் கிளறினால் தலைகள், மார்புகள், அதிர்ஷ்டம் இருந்தால் இடுப்புக்கணுவோடு ஒரு முழு உடம்பு. கைலென்ஸில் கணுவை எண்ணலாம். கொம்பு உடையாமல் இருந்தால் அதையும் எண்ணலாம். இடத்தையும் தேதியையும் எழுதி ஒரு சின்னக் குப்பியில் போட்டு, தெரிந்தவர்களிடம் காட்டலாம்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் குவியலில் கிடப்பது எல்லாம் அந்தக் கூட்டத்துப் பிணங்கள் இல்லை. அவை அடித்துத் தின்ற வேறு எறும்புகளின் ஓடுகளும் அங்கேதான் கிடக்கும். அதனால் கையிலிருக்கும் தலை வீட்டுக்காரியுடையதா, அவர்கள் சாப்பாட்டுக்கு வந்தவளுடையதா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பொந்தின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களையும் குப்பையில் கிடப்பவர்களையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரமாவது ஆகும். வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது.